சூட்டுப் பனியனைக் கண்டுபிடித்தவர் பெயர்

சாந்த்ராகாச்சி, ஹவுரா மாவட்டம்.
பொங்கல் கழிந்து நான்காம் நாள், காலை.

பேரன்புக்குரிய மைத்துனரும் காப்புரிமை முகவருமான நடராஜன் அவர்களுக்கு,

மச்சான் மருதமுத்து எழுதிக்கொண்டது. ஹூக்ளி ஆற்றுக்கு இந்தப் பக்கம் நானும் உன் அக்கா கனகவல்லியும் ஆளுக்கொரு மூக்கடைப்பைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். சென்னையில் நீயும் கவிதாவும் பிள்ளைகளும் அந்த மூக்கடைப்புகூட இல்லாமல் இருக்க சமயபுரத்தாள் துணை இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் எவனாவது தபாலில் எழுதுவானா என்று சிரிக்காதே. போனில் பேசலாம் என்றால் இது இரண்டு அறை ஃபிளாட். நான் பாத்ரூமுக்குள் போய்க் கிசுகிசுத்தாலும் அடுப்படியிலிருந்து, "யாரு, நடராஜனா? கவிதாவுக்கு முட்டிவலி தேவலையான்னு கேளுங்க" என்று குரல் வருகிறது. வாட்ஸ்அப் என்றால் எனக்கு வருவதை எனக்கு முன்னால் படிப்பது அவள்தான். விஷயமோ அவளைப் பற்றியது. அதனால் ஸ்பீட் போஸ்ட். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நம் சூட்டுப் பனியன் விஷயமாக நீ அனுப்பிய கேள்வித்தாள் கிடைத்தது. போன பிப்ரவரியில் என் பெயரில் தற்காலிக விண்ணப்பம் போட்டாய். பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரமும் கொடுத்தாக வேண்டும், வருகிற பத்தாம் தேதி கெடு என்கிறாய். சரி. எட்டுக் கேள்வியில் ஆறுக்குப் பதில் இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்வி, துணியில் பூசுகிற கரிக்கரைசலைத் தயாரிக்கும் முறையை, தொழில் தெரிந்த யாரும் படித்தவுடன் செய்துவிடுகிற மாதிரி எழுத வேண்டும் என்பது. எட்டாவது கேள்வி, இதைக் கண்டுபிடித்தவர் அல்லது கண்டுபிடித்தவர்கள் யார் யார், ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்பது. 'கண்டுபிடித்தவர்கள்' என்பதற்குக் கீழே நீ சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறாய். எதற்கு மாப்ளே அந்தக் கோடு? உண்மையான ஆளை விட்டுவிட்டால் பின்னால் பேடண்டே ரத்தாகலாம் என்று பயமுறுத்தல் வேறு.

எட்டுக்குப் பதில்: மருதமுத்து. ஒரே ஆள். ஏன் என்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், படித்துவிட்டு நீயே ஒப்புக்கொள்வாய்.

இந்த ஊரைப் பற்றி உனக்குத் தெரியும். நவம்பரில் காற்று லேசாகத் திரும்பினால் போதும், சின்னது பெரிசு எல்லாம் மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே காட்டும். முப்பத்துநான்கு வருஷம் யார்டில் ரயில் பெட்டிகளுக்கு ஏ.சி. பார்த்து ஜனங்களைக் குளிர வைத்தவன், ரிடையர் ஆன பிறகு அவர்களைச் சூடாக்கிப் பார்க்கலாமே என்று நினைத்ததில் தப்பில்லையே? முதல் பனியனுக்குள் மெல்லிய கம்பி ஓட்டி, இடுப்பில் பேட்டரி கட்டிக்கொண்டு, போன வருஷம் ஜனவரியில் ஏரிக்கரைக்கு வாக்கிங் போனேன். வெளிநாட்டு வாத்துகள் வந்து இறங்குகிற சமயம், கரை முழுக்கக் காமிராக்காரர்கள். பாதி சுற்று வருவதற்குள் முதுகில் ஒரு இடம் சுள்ளென்றது, சுவிட்சைத் தட்டினேன், நிற்கவில்லை, ஸ்வெட்டரைக் கழற்றினேன், சட்டையைக் கழற்றினேன், பனியன் தலையில் மாட்டிக்கொண்டது, நான் ஐயோ அம்மா என்று குதிக்கிறேன், அத்தனை காமிராவும் வாத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டது. கீழ் வீட்டு பிஸ்வாஸ் தாதா நல்ல மனுஷர், "டாண்டா லேகே ஜாபே! டாண்டா லேகே ஜாபே!" என்று, எங்கே எனக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பதற்றத்தில் அலறிக்கொண்டு ஓடி வந்து, தன் கம்பளிச் சால்வையை எடுத்து என்னை இறுக்கிப் போர்த்திவிட்டார். உள்ளே பனியன் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டில் முதுகுக்கு மருந்து தடவும்போது உன் அக்கா சொன்னாள்: "கம்பி இருக்கிற இடம்தாங்க சுடுது. துணி பூரா ஒரே சீரா சூடாகிற மாதிரி எதையாவது பூசிவிட முடியாதா?" ஏதோ பேச்சுவாக்கில் வந்தது. மருந்து தடவுகிறவர்கள் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள், அதையெல்லாம் கண்டுபிடிப்பில் சேர்த்தால் ஆஸ்பத்திரி நர்சுகள் பெயரில்தான் ஊரில் பாதி பேடண்ட் இருக்கும். பூசலாம் என்று முடிவு செய்தது நான். மின்சாரம் கடத்தும் கரித்தூளை வரவழைத்ததும் நான். ஏப்ரலில் அந்த மூட்டையை ஹாலில் வைத்துப் பிரித்ததும் நான்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அதை விவரிக்க மனசில்லை மாப்ளே. மறுநாள் வங்காளிகளுக்குப் புத்தாண்டு. அதற்கென்று பிஸ்வாஸ் தாதா துவைத்து நீலம் போட்டு எங்கள் பால்கனிக்கு நேர் கீழே காயப்போட்டிருந்த வெள்ளை பஞ்சாபி ஜிப்பாவும் பைஜாமாவும் கரி அப்பி, போலீஸ் கேசில் சிக்கிய மாதிரி ஆகிவிட்டது. கனகவல்லிதான் ஒரு தூக்கு பால்பாயசத்தோடு கீழே போய், அந்த வீட்டு அம்மாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இவள் அரைகுறை வங்காளத்திலும் அவர்கள் அரைகுறை ஹிந்தியிலுமாகப் பேசிச் சிரித்துவிட்டு வந்தாள். சண்டை வரவில்லை. ஆனால் சமாதானம் செய்வது வேறு, கண்டுபிடிப்பது வேறு, இல்லையா?

அதற்கப்புறம்தான் உண்மையான போராட்டம். பெயிண்ட் தின்னரில் கரைத்தால் கரி ஒழுங்காகக் கலக்கும், ஆனால் கட்டிடமே நாறும். தண்ணீரில்தான் செய்வேன் என்று பிஸ்வாஸ் தாதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். தண்ணீரில் போட்டால் கரியில் பாதி மேலே மிதக்கிறது, பாதி அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, நடுவில் தண்ணீர் எனக்கென்ன என்று தெளிவாக நிற்கிறது. நாற்பத்து மூன்று நாள் கிண்டினேன். கரண்டியால், மத்தால், டிரில்லிங் மெஷினில் மத்தைக் கட்டி. அதைத் துணியில் பூசினால் ஒரு பக்கம் கொதிக்கிறது, மறுபக்கம் ஜில்லென்று கிடக்கிறது. நாற்பத்து நாலாவது நாள் உன் அக்கா பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஏங்க, மாவு கரைச்சதே இல்லையா நீங்க? அண்டாத் தண்ணியையும் ஒரேயடியா ஊத்தினா எது கலக்கும்? மொதல்ல கெட்டியா அரைக்கணும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி" என்றாள். அதோடு விட்டாளா? "ஹர்ஷினி பொறந்தப்போ சாந்துப்பொட்டு காய்ச்சினேனே, அதுல என்னைக்காவது கரி தனியா தண்ணி தனியா பிரிஞ்சிதா?" ஜவ்வரிசியைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுப் பிசுக்கென்று காய்ச்சினாள். என் கரித்தூளையும் அதையும் கிரைண்டரில் போட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டாள். பிறகு வழித்து, தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, பாட்டிலில் ஊற்றி வைத்தாள். மூன்று நாள் கழித்துப் பார்த்தேன், பிரியவில்லை. மூன்று வாரம் ஆயிற்று, பிரியவில்லை. துணியில் பூசிப் பார்த்தேன், கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே சூடு. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்பது உண்மைதான். அதற்காக? அது சமையல் குறிப்புதானே மாப்ளே? தவிரவும் அந்தக் கிரைண்டரைப் பொன்மலையிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். அதன் பிறகு பத்து நாள் சாம்பல் நிறத்தில் வந்த இட்லியைத் தின்றவனும் நான்தான். நியூ டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் ஹர்ஷினி தட்டைப் பார்த்ததும் போனை எடுத்து பிரியாணிக்கு ஆர்டர் போட்டுவிட்டாள்.

என் பங்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதே. துவைத்தால் பூச்சு போய்விடுகிறது என்று, ஹவுராவில் டி-ஷர்ட்டில் படம் அச்சடிக்கிற பட்டறைக்காரர் இஸ்மாயிலிடம் நடையாய் நடந்து, சாயத்தைத் துணியோடு பிடித்து வைக்கிற பசையை வாங்கி வந்து சரியான அளவில் கலந்தது நான். நாற்பது டிகிரிக்கு மேல் போனால் தானே அணைகிற சர்க்யூட் முழுக்க என் மூளை. போன மாதம் பிஸ்வாஸ் தாதா அதைப் போட்டுக்கொண்டு, மங்கி கேப் இல்லாமல், விடியற்காலையில் ஏரியை இரண்டு சுற்று சுற்றினார். சாந்த்ராகாச்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மனுஷர் என்ன செய்கிறார் தெரியுமா? பார்க்கிறவர்களிடமெல்லாம் நெஞ்சைத் தட்டி, "பௌதிர் கெஞ்ஜி!" என்கிறார். அண்ணி செய்த பனியனாம். பக்கத்திலேயே நான் நிற்கிறேன்.

அதனால் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆசை, அவ்வளவுதான். அரசாங்கக் காகிதத்தில் கண்டுபிடித்தவர் என்று போட்டு என் பெயர் தனியாக ஒரு வரியில் வர வேண்டும். அதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டும். உன் அக்காவுக்கு இந்த மாதிரி ஆசையெல்லாம் கிடையாது. கேட்டுப் பார்க்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நீ அவளுக்குத் தம்பி என்பதை இந்த ஒரு தடவை மறந்துவிட்டு எனக்கு ஏஜெண்டாக மட்டும் இரு. ஏழாவதுக்குப் பதில் மட்டும் பாக்கி. ஜவ்வரிசி எவ்வளவு, எந்தப் பதம், எத்தனை நேரம் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. இப்போதே போய் வேறு எதற்கோ கேட்கிற மாதிரி நைசாகக் கேட்டு எழுதிச் சேர்த்துவிடுகிறேன்.

உன் தொழில் விருத்தியாகட்டும், பிள்ளைகள் வீட்டில் மூட்டை பிரிக்கும்போது ஃபேனை அணைக்கிற புத்தியோடு வளரட்டும், கவிதாவின் முட்டிவலி தீரட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மச்சான்,
ப. மருதமுத்து (சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர், ஓய்வு)

பி.கு.: போய்க் கேட்டேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, சும்மாதான் கேக்கிறேன், அந்தச் சாந்துக்கு ஜவ்வரிசியை எவ்வளவு கருக விடுவே?" என்றேன். தலையைத் தூக்காமலே, "ஏழாவது கேள்விதானே?" என்றாள். நீ போன மாதமே அவளிடம் பேசிவிட்டாயாமே! எட்டாவதையும் கேட்டாயாமே! "மச்சான் பேரை மட்டும் போடுடான்னு சொல்லிட்டேன்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ரிடையர் ஆனதுலேருந்து, உயிரோட இருக்கேன்னு பென்ஷனுக்கு வருஷம் ஒருதரம் போடறீங்களே, அதைத் தவிர உங்க கையெழுத்தை யாருங்க கேட்டா? இதுலயாவது போடட்டும்னுதான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பட்டாணி உரித்தேன்.

நடராஜா, மேலே எழுதியிருப்பதையெல்லாம் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிடு. எட்டாவதுக்குப் பதில்: முதலில் கனகவல்லி. அதற்குக் கீழே, சட்டத்தில் இடமிருந்தால், மருதமுத்து. அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. பட்டாணித் தட்டை நகர்த்திவிட்டு, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். ஏழாவதை அவள் சொல்லச் சொல்ல எழுத உட்கார்ந்தேன். சமையல் குறிப்பு ஞாபகத்தில் 'ஜவ்வரிசியைப் பொன்னிறமாக' என்று ஆரம்பித்ததும், "யாரு உங்களுக்குப் பொன்னிறம்னு சொன்னா? நகருங்க, நானே எழுதிக்கிறேன்" என்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான் இருக்கிறது, கொடுத்துவிடுகிறேன்.