தேதி எழுதாத விண்ணப்பம்

என் அப்பாவை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். கடலூரில் பஸ் ஏறி நெய்வேலியில் இறங்குவதற்குள். அவர் இன்றைக்கும் மூன்று வேளையும் குழம்பைக் குறை சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதால், தைரியமாக ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்து, நெட்வொர்க் மட்டும் வந்து சேராத காலம் அது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு குவார்ட்டர்ஸில் ஃபேனுக்கு அடியில் படுத்திருப்பது என் முழுநேர வேலை. அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனன்ட். ஒருநாள் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை என்பதால் "சூடு" என்று இளநீர் குடித்தார். மறுபடியும் போனபோது அம்மா விடவில்லை. கடலூர் டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, சிறுநீர்ப்பைக்குள் இருந்த சின்னக் கட்டியைச் சுரண்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்.

ரிப்போர்ட் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். "பிரிக்காம எடுத்தாடா, நாளைக்கு டாக்டர் பாக்கட்டும்" என்றார் அப்பா.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிரித்தேன். (படித்த பிள்ளை அல்லவா!) கேன்சர் என்று இருந்தது. பக்கத்தில் 'லோ கிரேடு' என்றும் இருந்தது; அது கண்ணில் ஏறவே இல்லை. போனில் தேடினேன். "திரும்ப வர வாய்ப்பு அதிகம்" என்ற வரி வந்தது. குள்ளஞ்சாவடியில் சிக்னல் போனது. மறுபடி வந்தபோது பக்கம் கீழே தாவியிருந்தது. "தசைக்குள் பரவலாம், சிறுநீர்ப்பையையே அகற்ற நேரிடலாம்." நடுவில் 'ஹை கிரேடாக இருந்தால்' என்று ஒரு தலைப்பு இருந்திருக்கிறது. அதை விழுங்கியது சிக்னலா, என் கண்ணீரா, தெரியாது. திரும்ப வரும், வந்தால் பரவும், பரவினால் தீர்ந்தது என்று நானே முடிச்சுப் போட்டேன். வடலூர் வருவதற்குள் கொள்ளி வைத்து மொட்டையும் அடித்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்லும் தெம்பில்லை. கம்மாபுரத்தில் இருக்கும் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, போன் போட்டேன்.

"மாமா, அப்பாவுக்கு கேன்சர். முத்திப்போச்சு."

"என்னாடா சொல்ற!"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா." (அவரிடம் அப்படிச் சொல்வது மைக்செட் கட்டிக் கொடுப்பது மாதிரி.)

நான் குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்தபோது வாசலெல்லாம் செருப்பு. மாமாவும் அத்தையும் எனக்கு முன்பே பைக்கில் வந்துவிட்டிருந்தார்கள். "ராசா மாதிரி இருந்தாரே எங்கண்ணன்" என்று அத்தை ஆரம்பித்திருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். அப்பா மட்டும் இல்லை. முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார்.

எதிர் குவார்ட்டர்ஸ் செல்வராசு அண்ணன் யூனியன்காரர். வாரிசு வேலை விண்ணப்பத்தோடு வந்திருந்தார். பர்மனன்ட் ஆள் சர்வீஸில் இறந்தால் பிள்ளை வேலை கேட்கும் விண்ணப்பம்.

"தம்பி, அழுதுகினே இருந்தா ஆவுமா? இப்பவே எழுதி வச்சிக்கினா பின்னால அலைய வேணாம். இங்க ஒரு கையெழுத்துப் போடு."

போட்டேன். அழுதுகொண்டே, அழகாக, இனிஷியலோடு. சத்தியமாக என்ன ஏது என்று படிக்கவில்லை.

அப்போது அப்பா உள்ளே வந்தார். புதுசாக வெட்டிய தலை, கழுத்தில் பவுடர். "யாருக்கு என்னா ஆச்சு?" என்றார். அத்தை ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள். அப்பா டீப்பாயில் இருந்த தாளை எடுத்து உரக்கப் படித்தார்.

"இறந்த ஊழியர் பெயர், கோதண்டம். நாந்தான். விண்ணப்பதாரர்... ஏன்டா, நீயா?"

"ஆமாம்ப்பா."

"இறந்த தேதிய மட்டும் காலியா வுட்டுருக்கீங்க. அத நான் வந்து போடணுமா?"

குரலில் கிண்டல்தான். ஆனால் அந்தக் காலி இடத்திலிருந்து விரலை எடுக்கவே இல்லை. பயந்துபோயிருந்தார் என் அப்பா. அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான். இதை எழுதும்போதும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் மாமா, அத்தை உட்பட ஐந்து பேர் டாக்டர் முன்னால் நின்றோம்.

"முத்திப்போச்சுன்னு யார் சொன்னது?" என்றார் டாக்டர். எட்டுக் கண்கள் என் பக்கம் திரும்பின.

"செல்லுங்க எந்த அளவுக்குக் கெட்டிருக்குன்னு சொல்றதுதான் கிரேடு. இது லோ கிரேடு, உள்தோல்லயே நிக்குது. திரும்ப முளைக்கலாம், முளைச்சா சுரண்டிடலாம். ஆழமா இறங்குறது ரொம்ப அபூர்வம். ஹை கிரேடுன்னாதான் அந்த பயம். அதுக்கு மறுபடி சுரண்டிப் பார்ப்போம், பைக்குள்ள வாராவாரம் மருந்து விடுவோம், அடங்கலன்னா பையையே எடுப்போம். உங்களுக்கு அதெல்லாம் வேணாம். மூணு மாசத்துல ஒரு கேமரா, அப்புறம் வருஷா வருஷம். பீடிய மட்டும் இன்னையோட விடுங்க."

அப்பா அதைச் சுரங்கக் கணக்கில் மாற்றிக்கொண்டார். "மேல்மண்ணுலயே கெடக்கு, கரி வரைக்கும் எறங்கலன்றீங்க."

"அதேதாங்க" என்று சிரித்தார் டாக்டர்.

நான் முந்தின நாளைவிடச் சத்தமாக அழுதேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கியதில் வந்த அழுகை. "நேத்து அழுதது பத்தலையாடா?" என்றாள் அம்மா, தானும் அழுதுகொண்டே.

டாக்டர் சொன்னபடியே இரண்டாம் வருஷம் ஒருமுறை முளைத்தது. சுரண்டினார்கள், அப்போதும் லோ கிரேடுதான். யாரும் கம்மாபுரத்துக்குப் போன் செய்யவில்லை. என் போனை அம்மா முன்கூட்டியே பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த விண்ணப்பத்தை அப்பா கிழிக்கவில்லை. ரிப்போர்ட் ஃபைலிலேயே வைத்திருக்கிறார். எனக்கு வேறு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு கேமராவுக்குப் பிறகும் வெளியே வந்து, அதை எடுத்து விரித்து, என் தோளில் தட்டுவார்.

"என் எடம் இன்னும் காலியாவலடா. போய் இருக்கற வேலையப் பாரு."