அப்பாவுக்கு அடித்த கிளிப்பச்சை

நான் ஒருமுறை என் அப்பாவுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன். அப்பாவின் வீட்டுக்கு அல்ல, அப்பாவுக்கே. நல்ல கிளிப்பச்சை. மீசை, காது, கழுத்து, வெள்ளைச் சட்டை என்று ஓர் இடம் விடவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் இந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நானே உள்ளபடி சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும் என்று ஒரு நப்பாசை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மொபெட்டுக்குப் பெட்ரோல் டேங்க் செய்துகொடுக்கும் ஓசூர் கம்பெனி ஒன்றில், பெயின்ட் பிரிவில் இருந்தேன். பத்தொன்பது வயது. உத்தனப்பள்ளியிலிருந்து தினமும் பஸ். அப்பா மாதப்பன் கூலிக்கு ஏர் ஓட்டியவர், கம்பெனி கேட்டுக்குள் கால் வைத்ததே கிடையாது. ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்த என் மாமா, அம்மாவின் அண்ணன், தன் பையனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: வேலையை விட்டுவிட வேண்டும். "பொட்டப்புள்ள மெசினாண்ட நின்னு என்னா பண்ணப் போவுது மச்சான்?" என்று வாரம் ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போவார்.

அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கோவிந்து, உங்க கம்பெனிக்கு ஒருதபா வந்து பாக்கறன். எம்மனசு ஒப்பலன்னா வேலைய வுட்டுடணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். (அந்த வயதில் எனக்கு வாயும் அதிகம், நம்பிக்கையும் அதிகம். மூளைதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.)

வருஷா வருஷம் கம்பெனி தொடங்கிய நாளன்று தொழிலாளிகளின் குடும்பத்தாரை உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுவார்கள். அப்பா அன்றைக்கு வருவதாக முடிவாயிற்று. எங்கள் போர்மேன் நஞ்சப்பா சார் தளிக்காரர், கன்னடம் பேசுகிறவர். அவர் என்னிடம், "உங்கப்பா எதிர்ல நீயே ஒரு டேங்க் அடிச்சுக் காட்டும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயின்ட் அடிக்கும் துப்பாக்கிக்கு உயிர் காற்றுதான். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி, ஒரு பெரிய தொட்டியில் ஏழு கிலோ பிரஷருக்கு அடைத்து வைக்கும். குழாயில் வரும் அந்தக் காற்றை, ரெகுலேட்டர் என்ற திருகு மூன்று கிலோவாகக் குறைத்துத் துப்பாக்கிக்கு அனுப்பும். காற்றை அழுத்தும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகித் தொட்டியின் அடியில் தேங்கும். தினமும் காலையில் அடிவால்வைத் திறந்து அந்தத் துருத்தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். விடாவிட்டால் அது குழாயில் ஏறிப் பெயின்ட்டோடு வந்து நிற்கும். தண்ணீர் விடுவது என் பொறுப்பு.

அன்று விடியற்காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். நம் ஊரில் விருந்தாளி கண்ணில் படப்போகிற எதையும் பொட்டு வைக்காமல் விட முடியுமா? கம்ப்ரஸருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். தொட்டிக்கு அடியில் தரை காலியாக இருந்தது. பதினைந்து புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டு, நடுவில் தாமரை வைத்து, கலர்ப்பொடி தூவினேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. முதுகு ஒடிந்துவிட்டது.

அப்புறம் வால்வைத் திறக்கக் கையை நீட்டினேன். நேர் கீழே என் தாமரை! திறந்தால் துருத்தண்ணீர் மொத்தமும் அதன் தலையில்தான் கொட்டும். ஒரு நாள் விடாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடப் போகிறது என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"தண்ணி வுட்டாச்சா கோவிந்தம்மா?" என்று நஞ்சப்பா சார் கேட்டார்.

"ஆச்சு சார்" என்றேன், கூசாமல்.

பத்து மணிக்கு அப்பா வந்தார். திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாசனை பட்டதுமே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் முகமூடி மாட்டி, டேங்கைக் கொக்கியில் தொங்கவிட்டு, துப்பாக்கியை எடுத்தேன். விசையை அழுத்தினேன். மேகம் மாதிரி விரிய வேண்டிய பெயின்ட், வெற்றிலை போட்ட கிழவர் மாதிரி ‘தூ தூ’ என்று துப்பியது. டேங்க் முழுக்கக் கொப்புளம்.

தண்ணீர்தான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. நுனியில் ஏதோ அடைத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரஷரைக் கூட்டினால் தள்ளிவிடும் என்று ரெகுலேட்டரை முட்டுகிற வரைக்கும் திருகினேன். இன்னும் மோசமாகத் துப்பியது. அடுத்து, அங்கே மூத்தவர்கள் செய்து நான் பார்த்திருந்த ஒரு வித்தையில் இறங்கினேன். நுனியைத் துணியால் பொத்திக்கொண்டு விசையை அழுத்தினால், காற்று திரும்பி, துப்பாக்கியோடு மாட்டியிருக்கும் பெயின்ட் கப்புக்குள் போய் அடைப்பை எடுத்துவிடும். அதைச் செய்ய வேண்டியது குறைந்த பிரஷரில், கப்பில் வெறும் தின்னரை ஊற்றி, மூடியை இறுக்கிய பிறகு. நான் செய்தது ஏழு கிலோவில், கப் நிறையப் பெயின்ட்டோடு. மூடிக் கொக்கி சரியாக மாட்டியிருக்கவும் இல்லை.

போதாக்குறைக்கு, "கிட்ட வந்து பாருங்கப்பா" என்று வேறு கூப்பிட்டேன். பாவம், மூக்கிலிருந்து துண்டை எடுத்துவிட்டு வந்தார்.

‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தின்னர் நெடி தாங்காமல் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார், அது ஒன்றுதான் சாமி புண்ணியம். மெதுவாகத் திறந்தார். பச்சை முகத்தில் இரண்டு வெள்ளை முழி மட்டும் தெரிந்தது.

"ஆயிட்ச்சா பாப்பா?" என்று கேட்டார்.

பெயின்ட் அடிப்பது என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாராம்!

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே நஞ்சப்பா சார் ஓடி வந்தார். "பெரியவரே, எங்கயும் தொடாதீங்க. இது சும்மா காயாது. ஓவன்ல வச்சாத்தான் காயும்."

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னையுமா உள்ள வெக்கணும்?" என்றார்.

சுற்றி நின்ற அத்தனை குடும்பமும் சிரித்தது. நான் ‘ஓ’வென்று அழுதேன். அப்பா பெயர் கெட்டது, என் வேலை போயிற்று, ராயக்கோட்டையில் தக்காளி பொறுக்க வேண்டியதுதான் என்று எல்லாம் சேர்ந்து அழுகையாக வந்தது.

"விடும்மா, நான் வேற ஆளை வச்சுச் சரி பண்ணிக்கறேன்" என்று நஞ்சப்பா சார் துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினார். அப்பா தடுத்தார்.

"அவ கெடுத்தத அவளே சரி பண்ணட்டும் சார். நான் நின்னு பாக்கறன்." என் பக்கம் திரும்பி, "எதனால இப்டி ஆச்சி?" என்றார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். "தண்ணி வுடலப்பா. கோலம் அழிஞ்சிடும்னு வுடல. வுட்டுட்டன்னு சார்கிட்ட பொய் சொல்லிட்டன்."

நஞ்சப்பா சார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போதும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் துப்பாக்கிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

போய் வால்வைத் திறந்தேன். பழுப்புத் தண்ணீர் கால் வாளி அளவுக்குக் கொட்டித் தாமரையை அடித்துக்கொண்டு போயிற்று. வெறும் காற்று சீறும் வரை விட்டேன். குழாயை ஊதினேன். துப்பாக்கியைப் பிரித்து ஊசி, நுனி, கப் எல்லாவற்றையும் தின்னரில் கழுவித் துடைத்து மாட்டினேன். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்புகிறதா என்று பார்த்தேன். ஒரு இடத்தில் கிளம்பியது. வாஷர் மாற்றினேன். ரெகுலேட்டரை மூன்றுக்கு இறக்கினேன். முக்கால் மணி நேரம். மற்றவர்கள் எல்லாம் டிபன் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு, பச்சையாக, நின்ற இடத்திலேயே நின்றார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தண்ணீராக வழிந்தும் மூடவில்லை.

புது டேங்கை மாட்டி அடித்தேன். கண்ணாடியாக வந்தது. அப்பா கிட்டே போய் முன்னும் பின்னும் பார்த்தார். "ம்" என்றார்.

அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் முகம் வெளியே வந்தது. மீசை வரவில்லை. பஸ்ஸில் கண்டக்டர், "பெருசு, உக்காராத, சீட்டுல ஒட்டிக்குவ" என்று சொல்லிவிட்டார். பாதி பஸ் காலியாக இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் ஊர் வரை நின்றுகொண்டே வந்தோம். அப்பா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை.

நான்காம் நாள் காலை. நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா அந்தப் பச்சைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ராயக்கோட்டைக்குப் போறன்" என்று சொல்லி அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குப் புரிந்துவிட்டது. அன்று கம்பெனியில் ஒவ்வொரு சாமானையும் கடைசித் தடவையாகத் துடைப்பது போலத் துடைத்தேன்.

சாயங்காலம் அம்மாதான் சொன்னாள். மண்டி வாசலில் மாமா சட்டையைப் பார்த்துவிட்டு, "என்னா மச்சான் இது அலங்கோலம்?" என்று கேட்டாராம். அப்பா நெஞ்சைக் காட்டி நின்றாராம்.

"நல்லா பாத்துக்க மச்சான். எம்மவ ஒரு நாளு அசந்ததுக்கு ஆன கதி இது. அது ஏழு கிலோ காத்து. அத தெனம் மூணா கொறச்சி கைக்குள்ள புட்சினு வேல செய்யறா. தப்பு பண்ணா அழுதுனே அத சரியும் பண்றா. அந்தக் கைய தக்காளி பொறுக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. பொண்ணு இல்ல, வேற எடம் பாத்துக்க."

சொல்லிவிட்டு, மண்டியில் இருந்த மாமா பையனை ஒரு பார்வை பார்த்து, "உம் பையனும் தாங்க மாட்டான்" என்றாராம்.

நான் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். அப்பா என் முகத்துக்கு நேராக இன்றுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொல்லாவிட்டால் போகிறது.

அந்தக் கம்பெனியில் பதினேழு வருஷம் இருந்தேன். மாமாவுக்குக் கோபம் ஆறி, பையனுக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி, இப்போது எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிறோம். சொந்தத்தில் என் பெயர் மட்டும் மாறிவிட்டது. இன்றைக்கும் மாமா அப்பாவுக்குப் போன் போட்டால் எடுத்தவுடனே கேட்கிற கேள்வி, "மச்சான், ஏழு கிலோ எப்டிக் கீது?"

"நல்லா கீது" என்பார் அப்பா. "நீ வெள்ளச் சட்ட போட்டுனு மட்டும் வராத."