கம்ப்யூட்டருக்கு நான் சொன்ன யோசனை

என் யோசனையை மதித்துக் கேட்டது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அதுவும் ஆள் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். கேட்ட பாவத்துக்கு, மாலையும் குங்குமமுமாக அசையாமல் நின்றுபோனது.

எண்பதுகளின் கடைசி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வானூரில் கட்டட வேலை, பொம்மையார்பாளையத்தில் வலை இழுப்பது, அப்புறம் லாரி கிளீனர் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். தார்ப்பாய்தான் படுக்கை. மழை வந்தால் அது லோடைப் போர்த்தப் போய்விடும். (லோடு நனைந்தால் முதலாளி கேட்பார். நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன்.)

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கோபி அண்ணன் என்னை எடுபிடியாகச் சேர்த்துக்கொண்டார். திண்டிவனத்து லாரி ஆபீஸ் ஒன்றுக்காக, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும் புரோகிராமை அவர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஆபீஸ் முதலாளிக்கு அது பிடித்துவிட்டால், அங்கேயே உட்கார்ந்து அதைத் தட்டும் வேலை எனக்கு. ஆபீஸுக்குப் பின்னால் தங்க ஓர் அறையும் உண்டு. ஒழுகாத அறை!

"மெமரின்றது சின்ன ஷெட்டுடா ஏழுமலை" என்றார் அண்ணன். "எல்லா வண்டி விவரமும் அதுல ஒண்ணா நிக்காது. மிச்சம் டிஸ்க்குல கெடக்கும். எதை உள்ள வுடணும், எதை வெளிய தள்ளணும்னு முடிவு பண்றது ஆபரேட்டிங் சிஸ்டம். அதான் ஷெட்டு மேஸ்திரி. நம்ம புரோகிராம் அதுக்கு யோசனை சொல்லலாம். 'இது சீக்கிரம் வேணும்', 'இது இப்ப வேணாம்'னு."

"சொன்னா கேக்குமாண்ணே?"

"கேட்டாலும் கேக்கும், வுட்டாலும் வுடும். யோசனைதானே, ஆர்டரா?"

வண்டிகளைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்று, எந்த வண்டிக்கு எந்த யோசனை என்பதை என்னையே அடிக்கச் சொன்னார். அங்கேதான் சனி பிடித்தது. லாரி ஆபீஸில் எந்த டிரைவரிடமும் "இன்றைக்கு நீ வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அன்றைய தொழிலே படுத்துவிடுமாம். "இரு, லோடு வரும்" என்பதுதான் வழக்கம். அதை நம்பி அத்தனை வண்டிகளும் சாயங்காலம் வரை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். நானோ அந்த டிரைவர்கள் வாங்கிக் கொடுத்த பரோட்டாவில் வளர்ந்தவன். 'இப்ப வேணாம்' என்று அடிக்கக் கை வருமா? ஒன்று விடாமல் எல்லா வண்டிக்கும் 'சீக்கிரம் வேணும்' என்று அடித்துவிட்டேன்.

புரோகிராமைக் காட்டப் போன அன்று, திண்டிவனத்தில் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, பெரிய ரோஜா மாலை போட்டிருந்தார்கள். ஊதுவத்தி புகைந்தது. முதலாளி எதிரே உட்கார்ந்தார்.

"நம்ம பெரியசாமி வண்டி எங்க கீதுன்னு கேளு."

தட்டினேன். டிஸ்க் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன ஷெட்டுக்குள் நுழையப் பார்க்கிறது. ஒன்று வர, ஒன்று வெளியே விழ, விழுந்தது மறுபடி முட்டிக்கொண்டு வர... திரையில் ஓர் எழுத்துகூட இல்லை.

"இன்னாடா, கேப்பை அரைக்கிற மெஷின எடுத்துக்கினு வந்துட்டியா?"

"இருங்க மொதலாளி, வரும்" என்றேன். (வாய்ப்பழக்கம்.)

வரவில்லை. சுற்றி நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு மாலைக்கு நடுவே இருந்த திரையையே பார்த்தார்கள். அப்போது அந்த வண்டியின் டிரைவர் பெரியசாமி அண்ணனே உள்ளே வந்தார். மாலையைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

"யாருங்க மொதலாளி தவறிட்டது?"

"பெரியசாமி, வண்டி எங்க?"

"வாசல்லதாங்க நிக்குது."

முதலாளி கோபி அண்ணன் பக்கம் திரும்பினார். "பாத்தியா தம்பி? உன் மெஷினவிட இவன் ஜல்தி. பேஜாரு பண்ணாம தூக்கிக்கினு கெளம்பு."

பெரியசாமி அண்ணன் லாரியிலேயே விழுப்புரம் திரும்பினோம். நான் அடித்து வைத்ததை கோபி அண்ணன் அப்போதுதான் விசாரித்தார். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"கேட்டாலும் கேக்கும், வுட்டாலும் வுடும்னு சொன்னேன்ல? போயும் போயும் உன்னுதையா கேட்டுத் தொலைக்கணும்!"

விழுப்புரத்தில் கம்ப்யூட்டரும் அண்ணனும் இறங்கினார்கள். "நீ எங்கடா எறங்குற? என் கிளீனர் ஓடிப்பூட்டான்" என்றார் பெரியசாமி அண்ணன். அன்று ராத்திரியும் தார்ப்பாய்தான். மழையும் வந்தது.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவள் மகளிடம் சொல்லிவிட்டாள். இப்போது வீட்டில் நான் எதற்காவது யோசனை சொல்ல வாயைத் திறந்தால், மகள் முதலில் "கர்ர்ர்ர்" என்று டிஸ்க் மாதிரி கத்துகிறாள். அப்புறம் பணிவாக, "இருப்பா, வரும்" என்கிறாள்.