கறுப்பு வெள்ளை அப்பா

மனிதர்களில் கறுப்பு வெள்ளை அப்பா என்றொரு வகை உண்டு. சமையல் கேஸ் தீர்ந்துபோனது இவருக்குத் தெரியாது. சாயங்கால வெளிச்சம் எந்தச் சன்னலுக்கு எப்போது வரும் என்பது மட்டும் அத்துப்படி. கல்யாணத்துக்கு முன் தெருப் பூனைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர், மகள் பிறந்ததும் 'குழந்தைமையின் தேடல்' என்று கடையை மாற்றிக்கொண்டார். "கலர்ல எல்லாமே மேலோட்டமாப் போயிடும்" என்பார், கலரைக் கண்டுபிடித்தவன் ஏதோ இவருடைய பங்காளி போல.

மகள் ஒன்றாம் வகுப்பு. மழை விட்ட ஒரு காலையில், வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கடியில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் சொட்டி, நீலமும் ஊதாவும் பச்சையுமாக விரிந்துகொண்டிருந்தது. குழந்தை குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, தண்ணிக்குள்ள இந்தக் கலர் எப்படி வந்துச்சு?"

தகப்பன் என்றால் பக்கத்தில் போய்க் குந்த வேண்டாமா? தெரியாது என்றாவது சொல்லலாமே. இவர் உள்ளே ஓடி லென்ஸை மாற்றிக்கொண்டு வந்து, அப்புறம் சொல்கிறேன் என்று தள்ளிவிட்டு, தாடையை உயர்த்தச் சொல்லி, வாயை லேசாகத் திறக்கச் சொல்லி, கண்ணில் இன்னும் கொஞ்சம் ஆச்சரியம் வேண்டும் என்று கெஞ்சி, குழந்தை மறுபடி அதையே கேட்டபோது, பேசினால் உதடு கோணுகிறது என்று அதட்டினார். கோணம் தேடிச் சுற்றியதில் அவர் காலே அந்தத் தண்ணீரை மிதித்துக் கலக்கிவிட்டது. அதனால் என்ன? படத்தில் கலர் எப்படியும் வரப்போவதில்லை.

புகைப்படக் கண்காட்சியில் 'வியப்பு' என்ற பெயரில் அந்தப் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. வந்தவர்கள் குழந்தையின் கண்களைப் பார்த்து ஆகா என்றார்கள். பிள்ளைகளை நிறையக் கேள்வி கேட்க விட வேண்டும் என்று இவர் மைக்கில் பேசினார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். படத்தின் அடியில் தண்ணீர் சாக்கடை மாதிரிக் கறுத்துக் கிடந்தது.

"நான் பாத்த கலர் எங்கப்பா?" என்றாள் மகள்.

"அது கவனத்தைக் கலைக்கும்மா."

இப்போதெல்லாம் புதிதாக எதைக் கண்டாலும் அவள் கேட்பதில்லை. தாடையை உயர்த்தி, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அப்பா எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே உங்கள் போனை எடுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை எதையோ உற்றுப் பார்க்கும் படம் ஒன்று அதில் கட்டாயம் இருக்கும், நீங்களே எடுத்தது. என்ன அழகு! அந்தக் குழந்தை எதைப் பார்த்தது, உங்களிடம் என்ன கேட்டது, சொல்லுங்கள் பார்ப்போம்.