சிவப்புப் பொத்தானின் பணிநீக்கம்

மனித குலம் இதுவரை சந்தித்த கேள்விகளை இரண்டு கூறாகப் பிரிக்கலாம். கடவுள் உண்டா, போர் ஓயுமா, செத்தபின் என்ன ஆவோம் என்பன போன்ற சில்லறைக் கேள்விகள் ஒரு கூறு. மார்லோ போனின் மென்பொருள் பார்க்கப் பழசாகிவிட்டதா என்ற கேள்வி மற்றது. முதல் கூறுக்கு விடை தேடி முனிவர்கள் காட்டுக்குப் போனார்கள். இரண்டாவதற்கு விடை தேடி சிலிக்கன் பள்ளத்தாக்கிலுள்ள சன்னிவேலில் நாற்பத்தொரு கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும் பாதாம்பால் காபி கொடுத்தார்கள்.

கேள்வி எழுந்த வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த போட்டிக் கம்பெனி, தன் போனின் முகப்பில் படங்களெல்லாம் தண்ணீர்ச் சொட்டு மாதிரி ததும்பும்படி செய்துவிட்டது. ததும்பி என்ன ஆகப்போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் இருபத்து மூன்று வயது விமர்சகன் ஒருவன் யூடியூபில் மார்லோவைக் கையில் எடுத்து, திறந்து பார்த்து, ஒன்பது விநாடி கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவியை நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் மார்லோவின் தலைமை அலுவலகம் எழவு வீடு மாதிரி இருந்தது.

அந்த அலுவலகத்தில்தான் டோரின் மச்சாடோ வேலை பார்த்தாள். ஐம்பத்தொரு வயது. சான் ஹோசேயில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். ஏழு வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு பொருள்: பேசி முடித்ததும் அமுக்கும் சிவப்பு வட்டப் பொத்தான். அமுக்கினால் பேச்சு நிற்கும். அதற்கு மேல் அந்தப் பொத்தானிடம் தத்துவம் எதுவும் கிடையாது. ஏழு வருடத்தில் அதைப் பற்றி வந்த புகார், பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம்தான் அவளுக்கு எமனாக வந்தது. மார்லோவில் வருடா வருடம் ஒவ்வொருவரையும் எடை போடுவார்கள். 'இவ்வாண்டு நீங்கள் புதிதாக வெளியிட்டது என்ன?' என்று ஒரு கட்டம் இருக்கும். ஓட்டை உடைசல் இல்லாமல் காப்பாற்றினேன் என்று அதில் எழுத முடியாது. எழுதினால் கணினியே சிவப்புக் கோடு போட்டுவிடும். இரண்டு வருடம் கட்டம் காலியாக இருந்தால், அந்த ஊழியர் 'தமது அடுத்த சாகசத்தைத் தேடிப் பிரியமுடன் விடுவிக்கப்படுவார்'. டோரினின் கட்டம் ஒரு வருடமாகக் காலி.

விடுவிக்கும் முறையிலும் மார்லோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற கம்பெனிகள் ஈவிரக்கமில்லாமல் மின்னஞ்சலில் சீட்டைக் கிழிக்கும். மார்லோ அப்படிச் செய்யாது. மேலதிகாரியே தன் போனில் கூப்பிட்டு, மனிதக் குரலில், எழுதிக் கொடுத்ததை இரண்டு நிமிடம் வாசிப்பார். அழைப்பு முடியும் கணம் வேலை முடியும் கணம். வாசல் அட்டை, கணினி, கணக்கு எல்லாம் அந்த நொடியில் தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்த மாதத்தோடு மருத்துவக் காப்பீடும் முடிந்துவிடும்.

காப்பீடுதான் டோரினின் கவலை. அவள் கணவன் கஸ், முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி இடுப்பு மூட்டைத் தேய்த்துக்கொண்டவன். அக்டோபர் ஒன்பதாம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. டோரினுக்கு வேலை போனால் கஸ்ஸுக்கு இடுப்பும் போச்சு.

இருபத்தெட்டாவது கூட்டத்தில் பொத்தான் விசாரணைக்கு வந்தது. தலைமை வகித்தவர் பிரெஸ்காட் லின்ட். 'உணர்வுத் துறை துணைத்தலைவர்' என்பது அவர் பதவி. அந்த ஊரில் தலைவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வேலையைவிட்டு அனுப்புவதும் பெயர் சொல்லித்தான்.

"டோரின், இந்தச் சிவப்பு எனக்கு வலிக்குது" என்றார் பிரெஸ்காட், நெஞ்சைத் தொட்டு. "அம்மாகிட்டப் பேசிட்டு இருக்கோம். பேசி முடிச்சதும் என்ன செய்யறோம்? ஒரு குத்து! அது வன்முறை இல்லையா?"

"அது வேலை செய்யுது பிரெஸ்காட்."

பக்கத்தில் இருந்த எல்வுட் ட்ரான், டோரினின் குழுவில் மிச்சமிருந்த ஒரே ஆள், மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தான். "அடிப்பாவி, அந்த வார்த்தையை இங்க சொல்லலாமா?" என்று முணுமுணுத்தான்.

"வேலை செய்யுது, சரி" என்றார் பிரெஸ்காட், துக்கம் விசாரிக்கிற குரலில். "ஆனா உணர வைக்குதா?"

டோரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படின்னா ஒண்ணு செய்யலாம். பேசுறவங்க முகம் திரையில தெரியும்ல, அதுல கட்டைவிரலை வச்சு மூணு எண்ணி, மெதுவா, அன்பா, கீழ வரைக்கும் தடவி விடணும். வேகமா இழுத்தா கோபம்னு அர்த்தம், எடுபடாது. அதுவும் ஒருத்தர் தடவினா போதாது, ரெண்டு பேரும் தடவணும். நடுவுல சிக்னல் போனாலோ பேட்டரி செத்தாலோ அது விடைபெறுறது இல்லையே, வெறும் பிரிவுதானே? உசிரு வந்ததும் போன் தானே திரும்பக் கூப்பிடணும்!"

சொல்லிவிட்டு, யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தாள். பிரெஸ்காட்டின் கண்கள் கலங்கியிருந்தன.

சிலிக்கன் பள்ளத்தாக்கில் யாரும் கேலி பேசக் கூடாது. உடனே அமலுக்கு வந்துவிடும்.

"இன்னும் ஒரு வருஷம் கட்டம் காலியா இருந்தா என்ன ஆகும் தெரியும்ல?" என்றான் எல்வுட், பிற்பகலில். "வாயை மூடிட்டு செஞ்சு குடு தாயே. கஸ் நடக்கணும்."

டோரின் செய்து கொடுத்தாள். நன்றாகத்தான் செய்தாள், அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. ஏழு வருடம் காத்த பொத்தானையும் தன் கையாலேயே அழித்தாள்.

சமைத்தவனே முதலில் சாப்பிட வேண்டும் என்பது மார்லோவின் தர்மம். புது மென்பொருளை ஊழியர்களும் அவர்கள் வீட்டாருமே முதலில் சுமக்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெஸ்னோவிலிருந்து கஸ்ஸின் அக்கா லுவெல்லா கூப்பிட்டாள். அவளும் மார்லோதான், தம்பி பெண்டாட்டி கொடுத்தது. பத்து மணிக்கு ஆரம்பித்த பேச்சு ஒன்றேகாலுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"அடியே, என்னால முடியலடி!" என்று போனை மார்பில் பொத்திக்கொண்டு கஸ் அலறினான். "பக்கத்து வீட்டு நாய்க்குப் பல்லு புடுங்கின கதையை ரெண்டாவது தடவை சொல்றா. நான் எப்பவோ தடவிட்டேன். அவ தடவ மாட்டேங்கறா!"

அடுத்து, இருபது லட்சம் வாடிக்கையாளர்களிடம் சோதனைக்கு விட்டார்கள். நாடு முழுவதும் இதே கதை. விற்பனைக்காரன் ஒருவன் கிழவர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டு, நான்காம் மணி நேரத்தில் அழுதான் என்று கேள்வி. ஆகவே கணக்கு வந்தது: சராசரி அழைப்பு மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"பாருங்க!" பிரெஸ்காட் வரைபடத்தைக் கட்டிப்பிடிக்காத குறை. "மனுஷன் மறுபடி மனுஷனோட பேசுறான்!"

டோரின் அவரைத் தனியாகப் பார்த்தாள். அவளுக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்தது. "பிரெஸ்காட், அவங்க ஆசைப்பட்டுப் பேசலை. வைக்க முடியாம பேசுறாங்க."

"ஆதாரம்?"

"என் வீட்டுக்காரர்."

"ஒருத்தர்தானே" என்று அவள் தோளைத் தட்டினார். "நம்மகிட்ட இருபது லட்சம் பேரோட கணக்கு இருக்கு. கவலைப்படாதீங்க, நீங்க எங்க குடும்பம்."

செப்டம்பர் முதல் வாரம் வெளியீட்டு விழா. கறுப்புச் சட்டையில் மேடையேறிய பிரெஸ்காட், ஐயாயிரம் பேர் முன்னால், குரல் தழுதழுக்கச் சொன்னார்: "ஒருவர் மட்டும் முடித்தால் அது விடைபெறுவதல்ல. கைவிடுவது. மார்லோ யாரையும் கைவிடாது." அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. கொட்டாவி விட்டவன்கூட, 'மார்லோ விழித்துக்கொண்டது' என்று எழுதினான். பிரெஸ்காட் துணைத்தலைவர் பதவியிலிருந்து மூத்த துணைத்தலைவர் ஆனார். டோரினின் கட்டம் நிரம்பியது. கஸ் அன்று எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பீர் குடித்தான்.

செப்டம்பர் பதினைந்து, திங்கள்கிழமை, காலை பத்து மணி. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். டோரின் அடுக்களையில் முட்டை வறுத்துக்கொண்டிருந்தபோது பிரெஸ்காட் கூப்பிட்டார்.

"டோரின், இது ஒரு கடினமான உரையாடல்" என்று வாசிக்கத் தொடங்கினார். "சிவப்புப் பொத்தானை நீக்கிய உங்கள் சாதனையை மார்லோ என்றும் மறவாது. பொத்தான் இப்போது இல்லை. ஆகவே பொத்தானைப் பராமரிக்கும் பணியும் இல்லை. இந்த அழைப்பு முடியும் கணத்தில் உங்கள் பணி முடிகிறது. உங்கள் அடுத்த சாகசத்துக்கு வாழ்த்துகள்."

முட்டை தீய்ந்தது. டோரின் அடுப்பை அணைத்தாள். நாற்காலியில் இருந்த கஸ் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

போனில் சத்தம் இல்லை. ஆனால் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"இன்னும் இருக்கீங்களா பிரெஸ்காட்?"

"...இருக்கேன். நான் தடவிட்டேன். நீங்க இன்னும் தடவலை."

டோரின் போனைப் பார்த்தாள். பிரெஸ்காட் பல்லைக் காட்டிச் சிரிக்கும் படம். கீழே இளநீல எழுத்தில், அவளே எழுதிய வாசகம்: 'இவர் விடைபெறக் காத்திருக்கிறார்.' அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

"இந்த அழைப்பு முடியுறப்போதான் என் வேலை முடியும். அப்படித்தானே வாசிச்சீங்க?"

"அது... சட்டத் துறை எழுதினது."

"அக்டோபர் ஒன்பது கஸ்ஸுக்கு ஆபரேஷன். பதினொண்ணு வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் தடவுறேன்."

"டோரின், ப்ளீஸ்! நான் இன்னைக்கே இன்னும் நாப்பத்திரண்டு பேரைக் கூப்பிடணும்!"

"ஏழு வருஷம்!" டோரினின் குரல் உடைந்தது. "ஒழுங்கா வேலை செய்யுதுன்னு ஒரு நாள், ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்களா? நல்லா இருந்ததைக் கெடுத்துக் குடுத்தப்போதான் நான் உங்க கண்ணுக்கே தெரிஞ்சேன். கெடுத்து முடிச்சதும் வீட்டுக்குப் போங்கறீங்க. மேடையில நீங்க சொன்னதுதானே பிரெஸ்காட்? ஒருத்தர் மட்டும் முடிச்சா அதுக்குப் பேரு என்ன? சொல்லுங்க, கேட்கிறேன்."

டோரின் போனை மின்னேற்றியில் செருகி, ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிரெஸ்காட் தன் போனை அணைத்துப் பார்த்தார். உயிர் வந்ததும் அது தானே டோரினைக் கூப்பிட்டது. ஏழு வழக்கறிஞர்கள் கூடி, கைவிடுவது வேறு, விடைபெறுவது வேறு என்று கம்பெனியே மேடையில் முழங்கியிருப்பதால் அழைப்பு முடியவில்லை என்றே கொள்ள வேண்டும் எனத் தீர்ப்புச் சொன்னார்கள். மென்பொருளை மாற்றத் தெரிந்தவர் இன்னொருவர்தான்: எல்வுட். விடுவிக்க வேண்டியவர்கள் பட்டியலில் டோரினுக்கு அடுத்து இரண்டாவது பெயர் அவனுடையது. "எனக்கு இன்னும் போன் வரலையே" என்றான் அவன், டாக்கோவைக் கடித்தபடி. "வரட்டும், பேசுவோம். எனக்கும் சொல்ல நிறைய இருக்கு." மற்ற மேலாளர்கள் அந்தப் பட்டியலைத் தொடவே பயந்தார்கள்.

விடுவிக்கும் அழைப்பில் ஊழியரை மறுமுனையில் தனியாக விடக் கூடாது என்பது மார்லோவின் இன்னொரு மனிதநேய விதி. ஆகவே பிரெஸ்காட் கேட்டார். கூட்டத்தில் கேட்டார், காரில் கேட்டார். டோரின் வெங்காயம் நறுக்கியபடி ஏழு வருடத்தையும் வரிசையாகச் சொன்னாள். கஸ் இடுப்பு எலும்பின் அமைப்பை விளக்கினான். ஊருக்கு வந்த லுவெல்லா நாய்ப் பல்லின் கதையை முழுதாகச் சொன்னாள்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி மதியம் கஸ் புது இடுப்போடு, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை தானே நடந்தான். டோரின் அழுதாள், சிரித்தாள். பிறகு போனை எடுத்து, பிரெஸ்காட்டின் முகத்தில் கட்டைவிரலை வைத்து, மூன்று எண்ணி, மெதுவாக, அன்பாக, கீழ் வரைக்கும் தடவினாள்.

அடுத்த கூட்டத்தில் அந்த அழைப்பு வரைபடத்தில் தனிக் கம்பமாக எழுந்து நின்றது: இருபத்தாறு நாள், மூன்று மணி நேரம். மனித உறவின் உச்சம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். பிரெஸ்காட்டும் தட்டினார், சற்றுத் தாமதமாக.

ஆகவே, மென்பொருளைப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா என்ற பெருங்கேள்விக்கு இனி ஐயமற விடை சொல்லலாம். கண்டிப்பாக வேண்டும். அந்தக் கம்பெனியில் மேலே இருப்பவர் கீழே இருப்பவர் பேசுவதைக் கடைசிவரை கேட்பதற்கு வேறு வழியே இருக்கவில்லை.