ராஜதூதன் லில்லெஸ்ட்ரோமில் கேக் சாப்பிட்ட கதை

நாலு மணிக்கு விழா என்று நம்மவர்கள் அட்டையில் போட்டால், நாலு மணிக்குத்தான் மண்டபக் கதவின் திறப்பு யாருடைய பையில் இருக்கிறது என்று தேடத் தொடங்குவார்கள். (ஒஸ்லோவில் பனி வேறு. தேட இன்னும் அரை மணித்தியாலம்.) இந்தச் சத்தியத்தை நம்பித்தான் ஒருநாள் நான் பாரசீகத்து யூதர்கள் அத்தனை பேரையும் நடுமேடையில் தவிக்க விட்டேன்.

லோறென்ஸ்கூக் மண்டபத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்குத் தமிழ்க் குடும்பங்கள் போட்ட, வேதாகமத்து எஸ்தர் அரசியின் நாடகம் அது. யூதர்களைக் கொல்லும்படி ஆமான் மந்திரி அரச முத்திரை குத்திய ஆணையை அனுப்பிவிடுகிறான். முத்திரை குத்திய ஆணையை அரசனாலும் மாற்ற முடியாது. ஆகவே எஸ்தர் அரசி மன்றாட, யூதர்கள் தங்களைக் காத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது ஆணை புறப்படுகிறது. அரண்மனையின் அதிவேகக் குதிரையில் அதைக் கொண்டுவரும் தூதன் நான். எனக்கு இருந்தது ஒரேயொரு வசனம்.

எஸ்தராக நடித்தவள் ஜெசிந்தா. நானும் அவளும் விரும்புவது அவளுடைய அப்பாவுக்கு அப்போதுதான் தெரியவந்திருந்தது. நாடகத்தின் இயக்குநரும் அவர், அரசனும் அவர். தொழிலோ டிராம் ஓட்டுவது, பிந்துகிறவனை மனிதனாகவே கணக்கெடுக்கமாட்டார். நாடகம் முடியட்டும், பெடியனைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார்.

நான் என்ன செய்தேன்? அட்டையில் நாலு மணி என்றால் ஆறுக்கு முன்னம் திரை விலகாது என்று கணக்குப் போட்டு, ஆணையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் நண்பனின் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனேன். அதுவும் தமிழ்ப் பிறந்தநாள்தானே. கேக் வெட்டாமல் போக விடமாட்டோம் என்றார்கள், கேக்கையோ வெட்டுவதாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு துண்டு வாய்க்குள் போன நேரம் ஜெசிந்தாவின் குரல் கைபேசியில் கிசுகிசுத்தது.

"ஆமானைத் தூக்கிலை போட்டாச்சு. நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

நோர்வேஜியப் பங்குத் தந்தை பார்க்க வந்திருந்ததால், வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு தமிழ் நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருந்தது.

பனியில் காரை உருட்டிக்கொண்டு நான் வந்துசேரும் வரை மேடையில் யூதர்கள் முழந்தாளில் நின்றார்கள். வசனம் தீர்ந்துபோனதால் வேறு வழியில்லாமல் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் வாசலில், பழக்கதோஷத்தில், குனிந்திருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். (உயிர் போகிற நேரத்திலும் சப்பாத்தோடு உள்ளே போகாத பரம்பரை.) காலுறையோடு மேடைக்கு ஓடி, அரசன் முன் விழுந்து, வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"மன்னிக்கவேணும் அங்கிள், ரோட்டு சரியான வழுக்கல்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பாரசீக மன்னர் அங்கியின் கையை விலக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் மீசையில் ஒட்டியிருந்த கேக் கிரீமை.

"குதிரை கேக் தின்னுமோ?" என்றார்.

என் கல்யாணம் அந்த மேடையிலேயே செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஜெசிந்தா என் கையிலிருந்த ஆணையைப் பிடுங்கித் தானே வாசித்து யூதர்களைக் காப்பாற்றினாள். ஒரு சொல்லும் விளங்காத பங்குத் தந்தைதான் எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டினார்.

அழைக்காமல் அரசனிடம் போனால் தலை போகும் என்பது எஸ்தரின் கதை. அன்று அவள் எனக்காக, அரச கிரீடத்தைக்கூடக் கழற்றாத தகப்பனிடம் போனாள். அவர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணத்தைச் செய்து வைக்கிறேன், ஆனால் மாப்பிள்ளைக்கு அட்டையை நான்தான் கொடுப்பேன் என்றாராம்.

கொடுத்தார். சிவப்பு மெழுகில் முத்திரை குத்திய உறை. உள்ளே பத்து மணி என்றிருந்தது. திருந்திய மாப்பிள்ளையாகப் பத்துக்குக் கோயில் வாசலில் போய் நின்றேன். ஒரு காகமும் இல்லை. மாமா மட்டும் பிளாஸ்கோடு காத்திருந்தார். ஊருக்கெல்லாம் அடித்த அட்டையில் பன்னிரண்டு மணியாம். தேத்தண்ணியை ஊற்றித் தந்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் எனக்குத் தனி உறைதான். மாற்றச் சொல்லிக் கேட்டால், அரசாணையை மாற்ற ஏலாது என்கிறார். போன மாதம் மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கும் உறை வந்தது. அவள் தாத்தாவிடம் அதை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தாள்.

"ஆக்களுக்கு எத்தினை மணி, குதிரைக்கு எத்தினை மணி?"