பொம்மை ஆள் தலைக்கு மேலே ஒரு கல்

பயந்தாங்கொள்ளிக்கு இருக்கிற ஒரு உலகமே அதிகம். இன்னொன்றைக் கண்ணில் மாட்டிவிடக் கூடாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கி எழுந்தாரா என்று கவலைப்படுகிற ரகம் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தால்தான் (கணக்கு வாத்தியார் இன்றும் கனவில் வருகிறார்).

மேலூர்ப் பக்கம் ஒரு கல் யார்டில், கிரேன் தூக்கும் கல்லுக்குச் சங்கிலி மாட்டுவது என் வேலை. "பயிற்சியில பாஸானா நீயே கிரேன் ஓட்டலாம்" என்றார் முதலாளி. என் மனைவி செல்வி அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நாகமலை புதுக்கோட்டையில் பயிற்சி. அங்கே கிரேனே இல்லை. வகுப்பறையில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, முகத்தை மூடுகிற பெரிய கண்ணாடி. மாட்டினால் கல் யார்டு அப்படியே தெரிந்தது; கைப்பிடியை அசைத்தால் அதிலிருந்த கிரேன் அசைந்தது.

"பயப்படாதீங்கண்ணே, இங்க எதை இடிச்சாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார் பாடம் நடத்திய மேடம்.

கடைசி நாள் பரீட்சை. கல்லைத் தூக்கினேன். பாதி வழியில், மஞ்சள் தொப்பி போட்ட பொம்மை ஆள் ஒருவன் நேரே கல்லுக்குக் கீழே வந்து நின்றான்.

"யோவ், தள்ளுய்யா!"

"அண்ணே, கத்தாதீங்க. ஹாரன் அடிங்க."

ஹாரன் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? (மற்ற எல்லோருக்கும் வந்ததாம்.) தலைக்கு மேல் கல் போனால் கழுத்து எப்படிக் கூசும் என்பது எனக்குத் தெரியும். அவனை இழுத்துவிட நாற்காலியிலிருந்து குதித்து ஓடினேன். சட்டை நுனி கைப்பிடியில் மாட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. நான் ஓட, கைப்பிடி சாய, கல் இறங்கியது. கைக்குச் சிக்கியவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் உருண்டேன். "ஒண்ணுமில்லப்பா, தப்பிச்சிட்ட!"

கண்ணாடியைக் கழற்றினார்கள். என் மடியில் கிடந்தது ஸ்டாண்டு ஃபேன்.

"மாப்ள, உசுரு இருக்கா பாரு!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"நெசத்துல இப்படிக் கல்லத் தொங்கவிட்டு எறங்குனா, அவரும் இல்ல, நீங்களும் இல்லண்ணே."

ஃபெயில். அவர் சொன்னது நியாயம்.

வீட்டில் செல்வி முழுவதையும் கேட்டாள். "தெருவுக்கு நான் என்ன சொல்றது?" என்றாள் கடைசியில்.

முதலாளி கிரேனை வேறொருவருக்குக் கொடுத்தார். என் கையில் ஒரு விசிலைத் திணித்தார். "கல்லுக்குக் கீழ ஒரு ஈ நிக்கக் கூடாது. பயப்படுறதுதான்யா உனக்கு வேலை." இன்றுவரை அதைத்தான் செய்கிறேன், யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

வீட்டில்தான் மரியாதை இல்லை. செல்வி பரணிலிருந்து அண்டாவை இறக்கினால் போதும், பிள்ளைகள் ஓடி வருவார்கள்:

"அப்பா, விசில் ஊதுங்க! கீழ ஃபேன் நிக்குது!"